தகுதியற்ற ஸ்விட்சும் ஒரு தகுதித் தேர்வும்

படித்துத் தேறியவர்கள் உலகில் ஏராளம். எந்த ஊரிலும் கிடைப்பார்கள். ஆனால் படிப்பதற்கு என்ன வாங்குவது என்று ஐந்து மாதம் ஒரு வாரம் ஆராய்ந்து, அந்தக் காலம் முழுவதும் படிப்பின் பக்கம் தலைவைத்தும் படுக்காமல் இருந்தவர் அநேகமாக ஒருவர்தான். மனித குலம் இதுவரை அடைந்த முன்னேற்றமெல்லாம் அவசரக்காரர்கள் செய்த காரியம். நிதானமானவர்கள் இன்னும் விலைகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த நிதானமான கூட்டத்தின் தலைமகனைப் பற்றியது இந்த வரலாறு.

அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'ரீஸ்டார்ட்' என்று அழைத்தார்கள். கணினி உதவிப் பிரிவில் பதினாறு வருட அனுபவம். எந்த மாடியிலிருந்து யார் போன் செய்து எந்தக் கோளாறைச் சொன்னாலும், "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்பார். பத்தில் எட்டு தடவை சரியாகிவிடும். மீதி இரண்டு தடவைக்கு அவரே நேரில் போய் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார். அப்படியும் சரியாகாவிட்டால், "இது நெட்வொர்க் பிரச்சனை" என்று தீர்ப்புச் சொல்வார். நெட்வொர்க் என்பது மழை, வெயில் போல. அதைப் பற்றி மனிதன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்பது அந்த அலுவலகத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஒரு திங்கட்கிழமை காலை 'திறன் மேம்பாட்டுப் பெருந்திட்டம்' வந்து இறங்கியது. நெட்வொர்க் சாதனங்களைத் தொடும் ஒவ்வொரு ஊழியரும் ஆறு மாதத்துக்குள் நெட்வொர்க்கிங் சான்றிதழ் பெற்றாக வேண்டும். பெறாதவர்கள் வெளியுலகின் புதிய வாய்ப்புகளை அனுபவிக்கும் பொருட்டு மகிழ்ச்சியுடன் விடுவிக்கப்படுவார்கள் என்றது சுற்றறிக்கை. யாருடைய மகிழ்ச்சி என்பது குறிப்பிடப்படவில்லை. தேர்வுக் கட்டணம் ஊழியருடையது. படிக்கும் நேரம் ஊழியருடையது. தேறினால் பெருமை நிறுவனத்துடையது. சுமையை இப்படிச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் நிறுவனங்கள் இன்று அருகிவிட்டன.

ரீஸ்டார்ட்டுக்கு வயது நாற்பத்து மூன்று. இனி வேறு வேலை தேடிப் போனால், நேர்காணலில் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவர் இவரை 'அங்கிள்' என்று கூப்பிடக்கூடிய வயதில் இருப்பார். மனைவி ஒரு தனியார் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை பார்த்தார். அந்தச் சம்பளம் வீட்டு வாடகைக்குப் போய்விடும். ஆகவே சாப்பாடு என்ற ஒன்று தொடர வேண்டுமானால் சான்றிதழ் வந்தாக வேண்டும். அவ்வளவு எளிமையான நிலைமை.

அவர் நேரே மேலாளரிடம் போனார்.

"வீட்டுலயே ஒரு சின்ன லேப் போட்டுக்குங்க. இப்பல்லாம் எல்லாரும் அப்படித்தான் படிக்கிறாங்க" என்றார் மேலாளர். அவருக்குச் சான்றிதழ் தேவையில்லை. அவர் சாதனங்களைத் தொடுவதில்லை, தொடச் சொல்வார்.

"சார், ஸ்டோர் ரூம்ல ஆறு பழைய ஸ்விட்ச், ரெண்டு ரவுட்டர் சும்மாதான் கிடக்குது. ஆறு மாசத்துக்குக் குடுத்தீங்கன்னா, பத்திரமாத் திருப்பிக் கொண்டுவந்து வெச்சிடுவேன்."

"அதெப்படி? அது கம்பெனி சொத்து. வாசல் தாண்டக் கூடாது."

"எப்படியும் தூக்கித்தானே போடப் போறோம் சார்?"

"போட்டப்புறம் அது நம்ம சொத்து இல்ல. நம்ம சொத்தா இல்லாத ஒண்ணை நான் எப்படி உங்களுக்குக் குடுக்க முடியும்?"

"அப்ப போடறதுக்கு முன்னாடி..."

"கம்பெனி சொத்து."

இரண்டுக்கும் நடுவே ஒரு நொடியாவது இருக்குமே, அந்த நொடியில் தரலாமே என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் மேலாளர் ஒரு படிவத்தை நீட்டினார். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் அந்த எட்டு சாதனங்களையும் கழிவில் சேர்ப்பதற்கான படிவம். 'சாதனத்தின் நிலை' என்ற இடத்தில் 'பயன்பாட்டுக்குத் தகுதியற்றது' என்று அச்சிட்டிருந்தது. வேறு எதையும் எழுத இடம் விடவில்லை.

"எல்லாம் நல்லா ஓடுது சார்."

"வாங்கி மூணு வருஷம் ஆச்சா இல்லையா?"

"ஆச்சு."

"அப்ப தகுதி இல்ல."

அடுத்த கட்டத்தில் 'உள்ளிருந்த தகவல்கள் முழுமையாக அழிக்கப்பட்டன' என்ற வரி. பக்கத்தில் ஒரு டிக். அதுவும் அச்சிட்டதே.

"அழிக்கணும்னா ப்ளக்ல போட்டு ஆன் பண்ணணும் சார். அரை நாள் வேலை இருக்கு."

"கழிவுப் பட்டியல்ல ஏறினதை ப்ளக்ல போடக் கூடாது. பாதுகாப்பு விதி பதினெட்டு."

"அப்ப எப்படி அழிக்கிறது?"

"டிக் ஏற்கெனவே அடிச்சிருக்கு பாருங்க. நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். கீழ லாரி நிக்குது."

லாரியைக் காக்கவைப்பது நாகரிகம் அல்ல. அவர் எட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலையே ஆராய்ச்சி தொடங்கியது. இணையத்தில் 'ஆய்வுக்கூட அன்பர்கள்' என்றொரு குழு இருந்தது. வீட்டில் மலிவாக நெட்வொர்க் பயிற்சிக்கூடம் அமைப்பது பற்றி அங்கே பல்லாயிரம் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போன பிறகுதான் அது குழு அல்ல, போர்க்களம் என்று தெரிந்தது. ஒரு பக்கம் இரும்புக் கட்சி. நிஜமான ஸ்விட்சைக் கையால் தூக்கி, விசிறிச் சத்தத்தைக் காதால் கேட்டு, விரலில் ஒரு தடவையாவது கீறல் வாங்காதவனுக்கு ஞானம் வராது என்பது அவர்கள் கொள்கை. எதிர்ப்பக்கம் மென்பொருள் கட்சி. ரவுட்டரும் ஸ்விட்சும் இருப்பதுபோல் நடிக்கும் ஒரு சிமுலேட்டர் லேப்டாப்பில் இருந்தால் போதும், அதுவும் இலவசம் என்பார்கள். இரண்டு கட்சியும் ஒன்பது வருடமாக ஒரே கேள்வியை விவாதித்துக்கொண்டிருந்தன. நடுவே புதிதாக வந்த ஒருவர், "நான் பழைய கடையில் கிடைத்ததை வாங்கி வைத்து, மூன்று மாதம் படித்து, தேறிவிட்டேன்" என்று எழுதினார். விவாதத்தைத் திசை திருப்பியதற்காக அவரை வெளியேற்றினார்கள்.

குழுவின் தலைவர்போல் விளங்கியவர் 'மூத்த உறுப்பினர்' என்பவர். பதினோராயிரம் பதிவுகள் எழுதியவர். வீட்டில் ஒரு அலமாரி நிறைய சாதனங்கள் வைத்திருந்தார். ரீஸ்டார்ட் பணிவோடு கேட்டார்: "ஐயா, நீங்கள் எந்த வருடம் தேர்வு எழுதினீர்கள்?"

"இன்னும் எழுதவில்லை. எழுதிவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?" என்று பதில் வந்தது.

அந்தத் தத்துவத்தின் ஆழத்தில் அவர் மூழ்கிப்போனார். ஒரு அட்டவணை தயாரானது. முப்பத்தொரு சாதனங்கள், ஒவ்வொன்றுக்கும் விலை, எடை, மின்சாரச் செலவு, வயர் செருக எத்தனை துளை, எந்த வருடத்து மென்பொருள் ஏறும், விசிறி எவ்வளவு கத்தும், மேசை தாங்குமா என்று பதினான்கு கட்டம். சத்தத்தை அளப்பதற்காக அலுவலக சர்வர் அறையில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒப்பிட்டுப் பார்க்க வீட்டு மிக்ஸியையும் அளந்தார். மிக்ஸி சற்று அமைதியான சாதனம் என்று நிரூபணமானது. விலை குறைந்த ஸ்விட்சுக்கு விசிறிச் சத்தம் அதிகம். சத்தமில்லாததற்கு விலை அதிகம். இரண்டும் குறைவாக இருந்ததற்கு ஆன் ஆகும் பழக்கம் இல்லை. இவற்றுக்கிடையே ஒரு சமரசம் காண்பதற்குள் நாற்காலி தேய்ந்தது.

ஒரு நாள் மனைவி அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டார்.

"என்னங்க இது, கடைசிக் கட்டத்துல 'மனைவி எதிர்ப்பு'ன்னு போட்டு ஏழு, எட்டுன்னு மார்க் குடுத்திருக்கீங்க?"

"அது உன்னைப் பத்தி இல்லம்மா. சத்தத்தைப் பத்தி."

"எல்லாத்துக்கும் பத்துன்னு மாத்துங்க."

"அப்படிப் போட்டா ஒப்பிட முடியாதே."

"ஒப்பிட வேணாம்னுதான் சொல்றேன். பரிட்சை என்னிக்கு?"

அவர் தேதியைச் சொன்னார். மனைவி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இருபத்து மூன்று நாள். பாடப்புத்தகம் அலமாரியில் இருந்தது. மேலே ஒட்டிய பிளாஸ்டிக் உறை இன்னும் பிரியவில்லை.

"எங்க ஆஸ்பத்திரி டாக்டர், ஸ்டெதஸ்கோப் எது வாங்கலாம்னு அஞ்சு மாசம் பார்த்துக்கிட்டிருந்தா, பேஷண்ட் என்னங்க ஆவான்?"

"நல்ல ஸ்டெதஸ்கோப்ல செத்திருப்பான்" என்று அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். மனைவி சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

பழைய மின்சாதனக் கடை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு நீளமான தகரக் கொட்டகை. கீபோர்டுகளைக் கட்டுக் கட்டாக விறகுபோல் அடுக்கியிருந்தார்கள். கடைக்காரர் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் முதுகைச் சொறிந்துகொண்டே வரவேற்றார்.

"வாங்கண்ணே. லேப்புக்கா? பார்த்தாலே தெரியுது. கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்கு. வாரத்துக்கு மூணு பேர் வர்றாங்க, எல்லாருக்கும் இதே முகம்."

ரீஸ்டார்ட் அட்டவணையை எடுத்தார். நாலு பக்கம் பிரிண்ட். கடைக்காரர் அதை மரியாதையோடு வாங்கி, தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு மானிட்டருக்கு அடியில் ஆடாமல் இருக்க மடித்து வைத்தார்.

"இதுல இருக்கற எதுவும் எங்கிட்ட இல்லண்ணே. எங்கிட்ட இருக்கறது எதுவும் இதுல இல்ல. இங்க பாருங்க, ஒரே ஆபீஸ் சரக்கு. ஆறு ஸ்விட்ச், ரெண்டு ரவுட்டர். ஏசி ரூம்லயே இருந்த பொருள். வெயிலே பார்த்ததில்ல. எவனோ ஒருத்தன் உதவாதுன்னு கையெழுத்துப் போட்டுத் தூக்கிக் குடுத்திருக்கான். மகராசன், நல்லா இருக்கணும்."

"எந்த ஆபீஸ்?" என்று கேட்டபடி ரீஸ்டார்ட் குனிந்து பார்த்தார்.

"அதைச் சொல்லக் கூடாதுண்ணே. தொழில்ல ஒரு இது இருக்கு."

சாதனங்களின் நெற்றியில் ஸ்டிக்கர் சுரண்டிய தடம் மட்டும் இருந்தது. உலகத்தில் ஆறு ஸ்விட்சும் இரண்டு ரவுட்டரும் தூக்கிப்போடும் அலுவலகங்கள் எத்தனையோ இருக்கும் என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். மனைவிக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை.

"அண்ணே, இதுல எது ஆன் ஆகுது?"

"எல்லாமே ஆகும்மா."

"ரெண்டு ஸ்விட்ச் குடுங்க, ஒரு ரவுட்டர் குடுங்க. அதுக்குள்ள போறதுக்கு ஒரு வயர் வேணும்னு இவர் தூக்கத்துல சொல்லிட்டிருந்தார், அதையும் குடுங்க."

"கன்சோல் கேபிளா? அது சும்மா எடுத்துக்குங்க" என்று ஒரு தட்டையான நீல வயரை மூட்டையிலிருந்து உருவிக் கொடுத்தார் கடைக்காரர்.

ஐந்து மாதத்து ஆராய்ச்சி பத்து நிமிடத்தில் முடிந்தது. ஆய்வுலகம் இப்படிப்பட்ட அவமானத்தை அதற்கு முன் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையைத் துடைத்து, சாதனங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முதல் ஸ்விட்சை ஆன் செய்தார். விமானம் ஏறுவதுபோல் ஒரு சத்தம். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது.

"பத்துன்னு சொன்னேனா இல்லையா?" என்றார் மனைவி, காதைப் பொத்திக்கொண்டு.

நீல வயரை லேப்டாப்பில் செருகினார். திரையில் எழுத்துகள் ஓடி நின்றன. கடைசியில் ஒரு எச்சரிக்கை: 'இது தனியார் நெட்வொர்க். அனுமதி இல்லாமல் நுழைவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும். அனுமதிக்குத் தொடர்புகொள்க: உதவிப் பிரிவு, உள் எண் 214.'

214 அவருடைய மேசைப் போன். அந்த எச்சரிக்கையை மூன்று வருடத்துக்கு முன் எழுதியவரும் அவரே. தம் வீட்டில், தம் காசில் வாங்கிய பொருளுக்குள் நுழைய, தம்மிடமே அனுமதி கேட்டு நிற்கும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

பாஸ்வேர்டு கேட்டது. நிறுவனத்தின் பெயரையும் பின்னால் 123 என்றும் அடித்தார். நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து எல்லாச் சாதனத்துக்கும் அதுதான். கதவு திறந்துகொண்டது. எந்த மாடியில் எது இருக்கிறது, எந்தத் துளையின் வயர் எங்கே போகிறது, எல்லாம் வரிசையாக வந்தன. அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"என்னங்க ஆச்சு? கெட்டுப்போயிருக்கா?"

"இல்ல. நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. அதான்..." என்று ஆரம்பித்து, கையெழுத்து வரை சொல்லி முடித்தார்.

"அப்ப கடையில இன்னும் அஞ்சு இருக்கே, அதுலயும் இதே பாஸ்வேர்டா?"

"ஆமா."

"இப்ப உங்க ஆபீஸ்ல ஓடிட்டிருக்கறதுல?"

அவர் கை நீட்டி ஸ்விட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார். அது மறுபடி இரைந்தது.

"நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க."

"சொன்னா, அழிச்சிட்டேன்னு கையெழுத்துப் போட்டது நான்தானே? சர்டிபிகேட்டும் இல்லாம, இதையும் சொல்லிட்டு நின்னா, சாயங்காலமே வெளியில அனுப்பிடுவாங்க. பரிட்சை முடியட்டும். பாஸ் பண்ணிட்டுச் சொல்றேன்."

"பாஸ் பண்ணிட்டா சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

 மனைவி பாடப்புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்தார்.

அடுத்த இருபது நாட்கள் அந்த வீட்டில் விசித்திரமான காட்சி நடந்தது. ரீஸ்டார்ட் படித்தார். பயம் எவ்வளவு நல்ல வாத்தியார் என்பதற்கு அட்டவணையில் ஒரு கட்டம்கூட இல்லை. மனைவி மருத்துவமனையிலிருந்து வந்ததும் புத்தகத்தைப் பிரித்துக் கேள்வி கேட்பார். அவர் ஸ்விட்சின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பதில் சொல்வார். தெருவில் போகிறவர்கள் சண்டை என்று நினைத்து நடையை மெதுவாக்கினார்கள். இன்னொன்றும் இருந்தது. பாடப்புத்தகத்தில் வரும் கற்பனை அலுவலகத்துக்குப் பதிலாக, அவர் கண்முன்னே இருந்தது அவருடைய சொந்த அலுவலகம். வாங்கிய இரண்டு ஸ்விட்சில் ஒன்று மூன்றாம் மாடியில் இருந்தது. மற்றது கீழ்த்தளத்தில் எல்லா மாடிகளுக்கும் தலைமையாக இருந்தது. இரண்டையும் இணைக்கும் துளை எது என்று அவற்றிலேயே எழுதியிருந்தது.

மூன்றாம் மாடி அந்த அலுவலகத்தில் ஒரு சாபம். காலையில் ஒழுங்காக ஓடும் நெட்வொர்க், எல்லோரும் வேலையில் மும்முரமாகும் பதினொரு மணிக்கு நத்தையாகிவிடும். ஒரு பக்கம் திறக்க ஐந்து நிமிடம். மூன்று வருடமாக அப்படித்தான். மழை, வெயில்.

பதினான்காம் நாள் அவர் இரண்டு ஸ்விட்சையும் அதே துளைகளில் ஒரு வயரால் இணைத்து, பெரிய கோப்பு ஒன்றைத் தம் லேப்டாப்பிலிருந்து மனைவியின் லேப்டாப்புக்கு அனுப்பினார். நத்தை. சாப்பாட்டு மேசையில் அலுவலகத்தின் பதினொரு மணி பிறந்திருந்தது. அவர் இரண்டு பக்கமும் வரிவரியாகப் படித்தார்.

"என்னங்க, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?"

"இங்க பாரு. இந்தப் பக்கம், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசலாம், கேக்கலாம்னு யாரோ கையால போட்டு வெச்சிருக்காங்க. அந்தப் பக்கம் எதுவும் போடல, நீயே புரிஞ்சிக்கோன்னு விட்டுட்டாங்க. அது தப்பாப் புரிஞ்சிக்கிட்டு, ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேசக் கூடாதுன்னு உக்காந்திருக்கு. கூட்டம் இல்லாதப்ப பிரச்சனை இல்ல. எல்லாரும் பேச ஆரம்பிச்சதும் ஒண்ணோட ஒண்ணு மோதிக்குது."

"நம்ம ரெண்டு பேர் மாதிரி."

"மாத்தறதுக்கு ஒரே வரி."

அந்த ஒரு வரியை அடித்தார். கோப்பு கண் சிமிட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பதினாறு வருட உத்தியோகத்தில் எதையும் ஆஃப் பண்ணாமல் அவர் சரிசெய்த முதல் கோளாறு அதுதான். அவருக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. ஆனால் தவறான வரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு கண்ணில் பட்டது: 'மாற்ற வேண்டாம் – மேலாளர்.' மறுநாள் அலுவலகத்தில், பழையதற்குப் பதிலாக வைத்த புதிய ஸ்விட்சின் செட்டிங்கைத் திறந்து பார்த்தார். பழையதில் இருந்ததை அப்படியே பிரதி எடுத்து இறக்கியிருந்தார்கள். தவறும் இருந்தது. குறிப்பும் இருந்தது. சான்றிதழ் இல்லாதவர் மாற்றக் கூடாது என்பதால் சத்தம் போடாமல் மூடி வைத்தார்.

தேர்வு எழுதினார். தேறினார். நல்ல மதிப்பெண். 'ஆய்வுக்கூட அன்பர்கள்' குழுவில் செய்தியைப் பதிவு செய்தார். விவாதத்தைத் திசை திருப்பியதற்காக வெளியேற்றப்பட்டார்.

மறுநாள் மேலாளரின் அறைக்கு மூன்று விஷயங்களோடு போனார். அனுபவசாலி ஒருவர் அங்கே இருந்திருந்தால் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள் என்று தடுத்திருப்பார்.

முதலாவதாகச் சான்றிதழ். மேலாளர் எழுந்து கைகொடுத்தார். "என் ஊக்கம் வீண் போகல" என்றார்.

இரண்டாவதாக, கழிவில் போன எட்டுச் சாதனமும் பாஸ்வேர்டோடு கடையில் கிடந்த கதை. மேலாளர் நெற்றியைத் தடவினார். "சரி, பார்த்துக்கலாம்" என்றார்.

மூன்றாவதாக மூன்றாம் மாடி. மேலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்த செட்டிங்கைப் போட்டது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"பக்கத்துலயே எழுதியிருக்கு சார்."

"மூணு வருஷமா அந்த மாடிக்காரங்க மந்தமா வேலை செய்யறாங்கன்னு ரிப்போர்ட் குடுத்திருக்கேன் நான். பதினொரு மணிக்கு மேல அவங்க வேலை பாதியாக் குறையுதுன்னு வரைபடம் போட்டுக் காட்டியிருக்கேன். அதை வெச்சு ரெண்டு பேரை அனுப்பியாச்சு. இப்ப வந்து வயர்ல பிரச்சனைன்னா?"

"வயர்ல இல்ல சார். வரியில."

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். இப்போது அவர் மேலாளர் அல்ல, கூடப் பிறந்தவர். "இங்க பாருங்க. முதல் விஷயத்துக்கு உங்களுக்குச் சீனியர் பதவி. ரெண்டாவது விஷயத்தை நான் சமாளிச்சுக்கறேன். மூணாவது விஷயத்தை நீங்க சொல்லல, நான் கேக்கல. சரியா?"

பேரம் நியாயமானது. சாப்பாடு தொடரும். பதவி உயரும். ரீஸ்டார்ட் தம் சான்றிதழை மடித்துப் பையில் வைத்தார்.

"சார், அனுப்பின ரெண்டு பேர்ல ஒரு அம்மா, விண்ணப்பம் பதியறவங்க. தினமும் பதினொரு மணிக்கு எனக்குத்தான் போன் பண்ணுவாங்க. 'அண்ணே, நான் வேகமாத்தான் அடிக்கிறேன், இது போக மாட்டேங்குது, எழுதி வெச்சுக்குங்க'ம்பாங்க. கடைசி நாள் அன்னிக்கும் பண்ணாங்க. நான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னேன்."

"அதுக்கு?"

"இப்ப எழுதிக் குடுக்கிறேன் சார்."

அரைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, மனிதவளப் பிரிவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அச்சிட்ட டிக் எதுவும் இல்லாத தாளில் அவர் போட்ட முதல் கையெழுத்து.

விசாரணைக் குழு மூன்று நாளில் கூடியது. இவ்வளவு வேகமாக அந்த நிறுவனத்தில் எதுவும் கூடியதில்லை. தலைமை, மனிதவள அதிகாரி அம்மாள். மென்மையான குரல்; யாரை அனுப்பினாலும் தேநீர் கொடுத்து அனுப்புவார் என்று பெயர் வாங்கியவர். மேலாளர் உறுப்பினராக அமர்ந்தார். தம்மைப் பற்றிய விஷயம் என்பதால் அவருக்குத்தான் விவரம் அதிகம் தெரியும்.

குழு பெருந்தன்மையாக நடந்துகொண்டது என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். ஓடுகிற சாதனத்தை ஓடாது என்று எழுதியதற்காக அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், அது 'நடைமுறை'. அழிக்காததை அழித்ததாக எழுதியதும் 'நடைமுறை'. கடையில் எஞ்சியிருந்த ஐந்து சாதனங்களை மீட்டுவர நிறுவனத்தின் காரே போனது. காரைப் பார்த்ததும் கடைக்காரர் விலையை மும்மடங்காக்கினார். மீட்டு வந்தவை மறுபடி கம்பெனி சொத்தாகி ஸ்டோர் ரூமில் ஏறின. பாஸ்வேர்டை மாற்றலாமா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. மாற்றினால் ஏன் மாற்றினீர்கள் என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் கசிந்தது என்று ஆகிவிடும். ஆகவே மாற்றாத வரையில் கசியவில்லை என்று ஒருமனதாக முடிவானது.

அதற்குப் பிறகு கடைசி விஷயத்துக்கு வந்தார்கள். அறிக்கை மொத்தம் பத்துப் பக்கம். அவருடைய வேலை போனது ஒன்பதாம் பக்கத்தில். காரணம் 'அதிகாரம் கடந்த அறிதல்' என்று ஒரே வரியில் இருக்கிறது. அந்த வரி பிறந்த உரையாடலைக் குறிப்பெடுப்பவர் எழுதி வைத்தபடியே தருகிறோம். கூட்டவோ குறைக்கவோ இல்லை. தலைவர் தேநீரை அவர் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்கிறார்:

"மூணாம் மாடியில என்ன கோளாறுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"படிச்சேன் மேடம்."

"யார் படிக்கச் சொன்னாங்க?"

"நீங்கதான் மேடம். ஆறு மாசத்துக்குள்ள பாஸ் பண்ணணும்னு சொன்னீங்களே."

தலைவர் மேலாளரைப் பார்க்கிறார். மேலாளர் தலையை ஆட்டுகிறார். தலைவர் மறுபடி திரும்பி, மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறார்:

"சர்டிபிகேட் வாங்கத்தானே சொன்னோம்? கத்துக்கவா சொன்னோம்?"